வேப்பிலை கண்டா நில்லுன்னு சொன்னேன்

புளியங்கொல்லை,
ஜமுனாமரத்தூர் வழி,
பங்குனி 15, ஞாயித்துக்கிழமை.

அன்பு மகள் சிவசங்கரிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் உடம்பை மட்டும் பாத்தா நல்லாத்தான் இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரையும் மழையையும் தாங்கிக்கிட்டு நல்லா இருக்கணும்னு நம்ம ஆத்தாளை வேண்டிக்கிறேன். இன்னாடா இது, வாரத்துக்கு மூணு நாள் போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசற அம்மா திடீர்னு கடிதாசு எழுதறாளேன்னு பயந்துக்காத. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பேசுவ, உன் மேல தப்பில்லம்மான்னு சமாதானம் சொல்லுவ, நானும் ஆமா ஆமான்னு அதையே புடிச்சிக்குவேன். அது ஆகாது. காயிதத்துல எழுதினா யாரும் குறுக்க வர மாட்டாங்க. முதல்லயே சொல்லிடறேன், யார் உசுருக்கும் ஒண்ணும் ஆகல. சக்திவேல் பொண்ணு கீதாஞ்சலி இருக்குதே, நாலு வயசு, போன செவ்வாக்கிழமை பால்வாடியிலிருந்து காணாமப் போயி ரெண்டரை மணி நேரம் கழிச்சிக் கெடச்சிட்டா. ஆனா அதோட முடியல. நம்ம பால்வாடியில சமைக்கிற மங்கம்மாளுக்கு வேலை போற மாதிரி இருக்குது. அவ மேல ஒரு குத்தமும் இல்ல, நான் சொன்ன ஒரு வார்த்தையாலதான் போகப் போகுது. உக்காந்து பொறுமையா படி.

பொங்கலுக்கு வந்தப்ப நீ கத்துக்குடுத்துட்டுப் போன வெளையாட்டுலதான் இது ஆரம்பிச்சுது. உன்னைக் குத்தம் சொல்றேன்னு நெனைக்காத, அந்த வெளையாட்டு எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துது. முப்பது வருசமா ஆட்டுக்குட்டி பாட்டும் ஒண்ணு ரெண்டும் சொல்லிக்குடுத்த எனக்கு, கம்ப்யூட்டரும் வேணாம் போனும் வேணாம், தரையும் சாக்பீஸும் இருந்தா போதும், கம்ப்யூட்டருக்கு எப்படி ஒவ்வொரு உத்தரவா குடுக்கறாங்களோ அதைப் புள்ளைங்களுக்கு ஓடி ஆடியே புரிய வைக்கலாம்னு நீ சொன்னப்ப, போடி உன் வேலையப் பாத்துக்கினுன்னுதான் சொன்னேன். அப்பால பாத்தா புள்ளைங்க வுடவே இல்ல. ஒருத்தரு மிஷின், ஒருத்தரு உத்தரவு குடுக்கறவங்க, மூணு அடி முன்னாடி போ, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, ரெண்டு அடி போ, பந்தை எடு. மிஷின் சொன்னதை மட்டும்தான் செய்யணும், சொல்லாததைச் செய்யக் கூடாது. தப்பா சொல்லி மிஷின் போய் செவத்துல முட்டிக்கினா எல்லாம் சேந்து தப்பு எங்க தப்பு எங்கன்னு கத்தும், திரும்பி மொதல்லருந்து ஒவ்வொரு உத்தரவா சொல்லிப் பாத்துக் கண்டுபுடிக்கும். கை கழுவறதைச் சொல்லச் சொன்னா கோகுல்ராஜ் எல்லாத்தையும் சொல்லிட்டுக் குழாய மூட மறந்துட்டான், தண்ணி எல்லாம் போச்சுன்னு அந்தப் புள்ளைங்க பட்ட பாடு இருக்கே, அப்படிச் சிரிச்சோம். ரெண்டு புளியங்கொட்டை ஒரு கூழாங்கல், ரெண்டு புளியங்கொட்டை ஒரு கூழாங்கல்னு வரிசையா வச்சி அடுத்து இன்னான்னு கேட்டா பட்டுனு சொல்லும். சூப்பர்வைசர் மேடம் வந்து வீடியோ புடிச்சிக்கினு போனாங்க. நான் ஊரெல்லாம் எம் பொண்ணு சொல்லிக்குடுத்ததுன்னு பீத்திக்கினு திரிஞ்சேன். அந்தத் திமிருதான் இப்ப எறங்கிப் போச்சு.

நீ கத்துக்குடுத்ததுல கடைசி வெளையாட்டு ஞாபகம் இருக்குதா, ஒரு அடையாளத்தைப் பாக்கற வரைக்கும் நடந்துக்கினே இரு, பாத்ததும் நில்லுங்கறது. அப்ப நீ ஒண்ணு சொன்ன. அம்மா, எப்பவும் ரெண்டு நிறுத்தம் வைக்கணும், அடையாளம் ஒண்ணு, எண்ணிக்கை ஒண்ணு, அடையாளம் இல்லாமப் போயிட்டாலும் இருபது அடி ஆனதும் மிஷின் தானா நின்னுடணும், இல்லன்னா அது போய்க்கினே இருக்கும்னு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்ன. நான் கேட்டேன், தலையும் ஆட்டினேன். நீ போனப்பால அந்த எண்ணிக்கைய எடுத்துட்டேன். இந்தப் புள்ளைங்க பன்னெண்டு வரைக்கும் ஒழுங்கா எண்ணும், அப்பால நேரா பதினெட்டுக்குத் தாவும், அதைத் திருத்திக்கினு இருந்தா வெளையாட்டு கெட்டுப் போவுதுன்னு, அடையாளம் ஒண்ணு போதாதான்னு வுட்டுட்டேன். அடையாளத்துக்குன்னு நீ குடுத்த செவப்பு அட்டைங்கள்ல பாதிய ஆடு தின்னுடுச்சு, மீதி மழையில ஊறிப் போச்சு. அதுக்குப் பதிலா வேப்பங்கொத்து கட்டினேன். எந்த வூட்டுப் புள்ளைக்கும் வேப்பிலை தெரியும் பாரு, அதனாலதான். நோவு இல்லாத எடத்துல வேப்பிலை கட்டினா நம்ம ஊர்ல இன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த மலையிலயே பொறந்து வளந்தவ நான். தெரியும். இது வெளையாட்டுக்குத்தானே, யாரு இன்னா சொல்லப் போறாங்கன்னு நெனச்சிட்டேன்.

செவ்வாக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும். ஊரே புளி உலுக்கப் போயிருந்துது, தெருவுல ஈ காக்கா இல்ல. கீதாஞ்சலிதான் மிஷின். பால்வாடி வாசப்படியிலிருந்து செவுத்தோரமா நேரா நடக்கணும், மூலையில வெள்ளையம்மா வூட்டு முருங்க மரத்துல வேப்பங்கொத்து கட்டியிருக்கும், அதைப் பாத்ததும் நிக்கணும், நான் மிஷின் வான்னு கூப்புடற வரைக்கும் அசையக் கூடாது. போன்னு சொன்னேன், போச்சு. அந்த நேரம் பாத்து வருகைப் பதிவு போன்ல ஏறலன்னு மேடம்கிட்டருந்து மெசேஜ் வந்துச்சு. நம்ம ஊர்ல டவர் எங்க கெடைக்கும், பின்னாடி பாறை மேல ஏறினாத்தான் உண்டு. ஒரு நிமிசந்தானேன்னு ஓடினேன். அது சுத்திச் சுத்திக்கினே இருந்துது, ஒரு நிமிசம் கால் மணி நேரமாச்சு. நான் எறங்கி வந்து மிஷின் வான்னு கூப்பிட்டேன். சத்தமே இல்ல. மூலைக்கு ஓடிப் பாத்தா முருங்க மரத்துல வேப்பங்கொத்தக் காணோம், புள்ளையையும் காணோம்.

அப்ப எனக்கு ஒண்ணும் ஓடல சங்கரி. மங்கம்மா சோத்துப் பானைய எறக்கி வச்சிட்டு ஓடி வந்தா, மீதிப் புள்ளைங்கள உள்ள வச்சித் தாப்பாளப் போட்டா. நான் புளியந்தோப்புப் பக்கம் கத்திக்கினே ஓடினேன். மரத்து மேல இருந்தவங்க எல்லாம் எறங்கி வந்தாங்க. சக்திவேலு கையில தொரடியோட வந்தான், அவன் பொஞ்சாதி ரேணுகாதேவி எம் மூஞ்சியப் பாத்த உடனே கீழ உக்காந்துட்டா. கெணத்துல ஆள எறக்கிப் பாத்தாங்க. ஓடையில எட்டு பேரு கை கோத்துக்கினு தேடினாங்க. இளவரசன் வண்டிய எடுத்துக்கினு ரோட்டுக்குப் போய் காவலூர் பஸ்ஸ நிறுத்திக் கேட்டான். காட்டோரம் பாத்தாங்க, வைக்கப்போருல பாத்தாங்க. வெள்ளையம்மா அப்பத்தான் கொல்லையிலருந்து வந்தா. வேப்பங்கொத்த இன்னா பண்ணேன்னு கேட்டேன். காலையில கொல்லைக்குப் போறப்பவே நான்தான் அவுத்தேன், அம்மை போடாத எடத்துல வேப்பிலை கட்டி ஆத்தாள வம்புக்கு இழுக்கறியா, எம் மருமவ முழுகாம இருக்கறது உனக்குத் தெரியாதா, மஞ்சத்தண்ணி தெளிச்சி ஓடையில வுட்டுட்டு வந்தேன்னு என்னைத் திட்டினா. அவ சொன்னதுல தப்பில்ல, அவ வூட்டு வாசல்ல கட்டினா அவ அவுக்காம இன்னா பண்ணுவா? மணி ஒண்ணாச்சு. சக்திவேலு கெணத்து மேட்டுல நின்னுக்கினு தண்ணியையே பாத்துக்கினு இருந்தான்.

அப்பத்தான் எனக்கு நீ சொன்னது உறைச்சுது. தப்பு எங்கன்னு தெரியலன்னா மொதல்லருந்து ஒவ்வொரு உத்தரவா நடந்து பாருன்னு சொல்லுவியே. நானே மிஷினா மாறினேன். ஜனங்க எல்லாம் பாக்கறாங்க, பைத்தியம் புடிச்சிச்சான்னுகூட யாரோ கேட்டாங்க. வாசப்படியில நின்னேன். நேரா நட, வேப்பிலையப் பாத்தா நில்லு. செவுத்தோரமா நடந்தேன். மூலை வந்துச்சு, வேப்பிலை இல்ல. திரும்புன்னு உத்தரவு இல்ல. அப்ப இன்னா பண்ணணும், நேராத்தான் போவணும். சாமைக் கொல்லைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை மேட்டுக்குப் போவுது. அது ஒரே ஒரு வூட்டுக்குத்தான் போவும், கோபால் வூட்டுக்கு. அந்த வூட்டுல ரெண்டு புள்ளைக்கும் அம்மை போட்டிருக்கு, பதினஞ்சு நாளா அந்தப் பக்கம் யாரும் தலை வச்சிக்கூடப் படுக்கல. அதனால அந்தப் பாதைய மட்டும் ஒருத்தரும் பாக்கல. ஊரே தேடுது, வேப்பிலை கட்டியிருக்கற வூட்டுப் பக்கம் யாரு போவாங்க? நான் போனேன். என் பின்னால வந்தவங்க பாதி வழியில நின்னுட்டாங்க. படல்ல வேப்பங்கொத்து தொங்குது, அதுக்கு நேர் கீழ எங் கீதாஞ்சலி நிக்கறா. ரெண்டு கையும் ஒடம்போட ஒட்டிக்கினு, நான் சொல்லிக்குடுத்தா மாதிரியே. உச்சி வெயிலு. பாவாடை நனைஞ்சி காஞ்சி போயிருக்குது. கண்ணீர் ஓடின தடம் ரெண்டு கன்னத்துலயும் வெள்ளையா இருக்குது. கோபால் பொஞ்சாதி உள்ளருந்தே ரெண்டு மூணு தடவை போ பாப்பா, இங்க நிக்காதன்னு வெரட்டியிருக்கா, அம்மை வூடாச்சேன்னு வெளிய வரல, புள்ள போயிடுச்சுன்னு நெனச்சிட்டா. புள்ள போவல. நான் கீதான்னு கூப்புட்டேன். திரும்பல. கண்ணு மட்டும் என் பக்கம் திரும்புது, காலு அசையல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மிஷின் வான்னு சொன்னேன், ஓடி வந்து எங்கால கட்டிக்கினு அப்படி ஒரு அழுகை அழுதுச்சு. சொன்ன பேச்சக் கேக்கற புள்ளைங்கன்னு நான் எவ்ளோ பெருமப்பட்டேன் தெரியுமா. ரெண்டரை மணி நேரம் வெயில்ல நின்னு சாவற அளவுக்கு ஒரு புள்ளைக்குப் பேச்சு கேக்கக் கத்துக்குடுத்திருக்கேன் நான்.

சக்திவேலு என்னை அடிக்கல, கெட்ட வார்த்தை பேசல. புள்ளைய வாங்கித் தோள்ல போட்டுக்கினு, எம் புள்ளைய மிஷினாக்கச் சொல்லி யாரு கேட்டாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனான். மறுநாள் ஆபீஸ்லருந்து ரெண்டு பேரு வந்துட்டாங்க. பத்தொன்பது புள்ளைங்க வர்ற எடத்துல அன்னிக்கு வந்தது ஆறுதான். புள்ள போனப்ப யாரு பாத்துக்கினு இருந்தாங்கன்னு கேட்டாங்க. எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்குது, அது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. வாய் தானா தொறந்துச்சு. மங்கம்மாகிட்டப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்னு சொல்லிட்டேன். சொல்லவே இல்ல சங்கரி. அவ பின்னால சமையக்கட்டுல சோறு வடிச்சிக்கினு இருந்தா, நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. அவங்க எழுதிக்கினாங்க. வியாழக்கிழமை மங்கம்மா பேருக்கு மெமோ வந்துச்சு, திங்கக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும், இல்லன்னா வேலையிலருந்து எடுத்துடுவாங்களாம்.

நான் இன்னா எதிர்பாத்தேன்னா, அவ எங்கூடச் சண்டைக்கு வருவா, பொய் சொல்றியேன்னு ஊரக் கூட்டுவா, அப்ப நானும் ரோசத்துல எதையாவது பேசி மழுப்பிடலாம்னு. அவ வரல. வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவிக்கினு இருந்தவ, அக்கா நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல, சத்தியமா கேக்கல, அடுப்பு எரியற சத்தத்துல வுட்டுட்டேன் போல இருக்குது, அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன்னு சொல்றா. நான் சொல்லியிருப்பேன்னு என்னை நம்பறா, தன் காதச் சந்தேகப்படறா. அவ புருசன்கிட்ட சொல்லித் திருவண்ணாமலைக்குப் போய் காது டாக்டருகிட்டக் காட்டணும்னு பேசி வச்சிருக்கா. அதைக் கேட்டும் அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. உன் அம்மா எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சிக்க.

அன்னிக்கு சாயங்காலம் சக்திவேல் வூட்டுக்குப் போனேன். உள்ள வுட மாட்டாங்கன்னு நெனச்சேன், ரேணுகா மணை எடுத்துப் போட்டா. கீதாஞ்சலிக்கு அம்மை ஒட்டியிருக்குமோன்னு நர்சம்மா மூணு வாரம் பாக்கச் சொல்லியிருக்காங்க, அது முடியற வரைக்கும் எனக்கும் சோறு எறங்காது. என்னைப் பாத்ததும் அந்தப் புள்ள எழுந்து கையை ஒடம்போட ஒட்டிக்கினு நின்னுடுச்சு. முட்டி போட்டு உக்காந்து, கீதா, நான் வான்னு சொன்னா வர மாட்டேன்னு சொல்லு பாக்கலாம்னேன். முழிச்சா. திரும்பச் சொன்னேன். மாட்டேன்னு வாய்க்குள்ளயே சொன்னா. சத்தமான்னேன். மாட்டேன்னா. பத்து தடவை சொல்ல வச்சேன். பயமா இருந்தா, வலிச்சா, தண்ணி தவிச்சா, ஒண்ணுக்கு வந்தா, மிஷின் தானாவே வெளையாட்ட நிறுத்தலாம், டீச்சரக் கேக்க வேணாம்னு சொன்னேன். அதுலருந்து சோறு தின்ன மாட்டேன், தலை வாரிக்க மாட்டேன்னு ஒரே ஆர்ப்பாட்டமாம், இன்னா டீச்சர் இதையா கத்துக்குடுப்பீங்கன்னு ரேணுகா நேத்து தெருவுல என்னைப் புடிச்சிக்கினா. கத்தட்டும்னு சொன்னேன். நீ எழுதி வச்சிட்டுப் போன நோட்டுல மொத பக்கத்துல இதைத்தான் நான் எழுதியிருக்கேன், எண்ணிக்கை நிறுத்தத்தை ரெண்டாவதா எழுதியிருக்கேன். அங்க யாருக்காவது இந்த வெளையாட்டச் சொல்லிக்குடுத்தா நீயும் அதே மாதிரி ஆரம்பி. வெளையாட்ட நான் வுடல, வுடவும் மாட்டேன். என்னை அந்த வேலையில வச்சிருந்தா நடத்துவேன்.

நேத்து சனிக்கிழமை காலையில சமையக்கட்டுக்குப் போய் மங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல மங்கம்மா, பாத்துக்கன்னு சொல்லவே இல்ல, பயத்துல பொய் சொன்னேன், திங்கக்கிழமை ஆபீஸ்ல போய் நானே எழுதிக் குடுத்துடறேன்னு சொன்னேன். அவ கரண்டிய அப்படியே வச்சிட்டு என்னைப் பாத்தா. திட்டுவான்னு நின்னுக்கினு இருந்தேன். அப்போ எங் காதுக்கு ஒண்ணும் இல்லியான்னு கேட்டா. ஒண்ணும் இல்லன்னேன். முந்தானைய வாயில பொத்திக்கினு அங்கயே உக்காந்து அழுதா. அப்பால எழுந்து புள்ளைங்களுக்குச் சோறு போட்டா, எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டு வூட்டுக்குப் போனா. அது வரைக்கும் எங்கூட ஒரு வார்த்தை பேசல. பதினோரு வருசத்துல என்னை அக்கான்னு கூப்புடாமப் போனது நேத்துதான் மொத தடவை.

எழுதிக் குடுக்க வேண்டியத எழுதி மடிச்சி வச்சிட்டேன். உங்கப்பா படிச்சிப் பாத்தாரு, இன்னொரு தடவ யோசிக்கிறியான்னு கேட்டாரு, இல்லன்னேன். நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு ஜமுனாமரத்தூர் போறேன், இதையும் அங்கதான் தபால்ல போடுவேன், உன் கைக்கு வர்றதுக்குள்ள எனக்கு வேலை இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிருக்கும். நீ அழுதுக்கினு லீவு போட்டுட்டு வந்து நிக்காத. நல்லா சாப்புடு, ஈரக் காலோட இருக்காத, மாப்பிள்ளையும் நீயும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு நூறு வருசம் நல்லா இருங்க, ஆத்தா கூட இருப்பா. ஒண்ணு மட்டும் மறக்காத. வைகாசியில வரும்போது மங்கம்மா வூட்டுக்குப் போ, வாங்கிட்டு வர்றத அவ புள்ளைங்களுக்குக் குடு, அவ குடுக்கறதச் சாப்புடு. எங்கம்மாவ மன்னிச்சிடுங்கன்னு எனக்காக ஒரு வார்த்தைகூடக் கேக்காத. அது நான் கேக்க வேண்டியது, அவ என்னிக்குப் பேசறாளோ அன்னிக்குக் கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பெரியம்மாள்